ஊதாக் குழாயின் மகிமை

குழாயைத் திருகினால் காற்று வந்தது.

மெர்வ் இன்னும் ஒரு சுற்றுத் திருகினார். "புஸ்" என்று ஒரு சத்தம், கூடவே ஒரு எறும்பு. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மணி எட்டேகால். பதினொரு மணிக்கு அடிலெய்டிலிருந்து பசுமைக் கட்டிடச் சான்றிதழுக்காக ஆய்வாளர் வருகிறார். வந்து, இந்தக் குழாயிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்வதைத்தான் முதலில் பார்க்கப்போகிறார்.

"ஜோஸ்லின்!" என்று கத்தினார் மெர்வ்.

நூலகர் ஜோஸ்லின் காப்பிக் கோப்பையோடு ஓடி வந்தாள். பாதிக் காப்பி வழியிலேயே போய்விட்டது.

"என்ன மெர்வ், பாம்பா?"

"பாம்பா இருந்தா பரவாயில்லையே. தண்ணி வரல."

"எந்தத் தண்ணி?"

"ஊதா."

ஜோஸ்லின் மிச்சக் காப்பியையும் கீழே வைத்துவிட்டாள்.

போர்ட் டிரெலாயில் 'ஊதா' என்றால் எல்லாருக்கும் தெரியும். ஊரே குளித்து, துவைத்து, கழுவிவிட்ட தண்ணீர் உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலைக்குப் போகும். அங்கே அதைச் சுத்தம் செய்து ஊதா நிறக் குழாயில் ஊருக்கே திருப்பி அனுப்புவார்கள். செடிக்கு விடலாம், புல்லுக்கு விடலாம், குடிக்கக் கூடாது. பார்வைக்கு நல்ல தண்ணீராகத்தான் இருக்கும். ஆனால் சொந்த ஊர்க்காரர்களின் குளியலறைகளை அறிந்தவர்கள் யாரும் அதை வாயில் வைப்பதில்லை.

ஊரின் புதிய நூலகத்துக்கு வயது பதினாலு மாதம். பசுமைச் சான்றிதழில் ஐந்து நட்சத்திரம் உறுதி. ஆறாவது நட்சத்திரத்துக்கு இரண்டு புள்ளிதான் பாக்கி, அந்த இரண்டு புள்ளியும் தோட்டத்தில் இருந்தது. குடிநீரில் ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல் தோட்டம் வளர்ந்திருக்க வேண்டும். கிடைத்துவிட்டால், கட்டிடப் பராமரிப்பாளர் மெர்வ் பெங்கெல்லிக்கு வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால், அடிலெய்டில் இருக்கும் ஒரு கணினி இங்கே விளக்குப் போட்டு விளக்கணைக்கும் என்று நகரசபை முடிவு செய்திருந்தது. கணினிக்குச் சாப்பாட்டு இடைவேளை கிடையாது, முட்டி வலியும் கிடையாது. மெர்வுக்கு இரண்டும் உண்டு. துறைமுகத்துக் கோதுமைக் கிடங்கில் முப்பது வருஷம் இயந்திரம் பார்த்தவர் அவர். அந்த வேலையையும் ஒரு கணினிதான் தின்றது. ஒரே ஆளை இரண்டு தடவை தின்ன விடுவதா என்ற வீம்பு அவருக்கு இருந்தது.

அதனால் அந்தத் தோட்டத்தின் மேல் அவருக்கு உயிர். பிப்ரவரி மாதக் கோடை வெயிலில் ஊரே பிஸ்கட் நிறத்தில் கிடக்கும்போது, நூலகத்துத் தோட்டம் மட்டும் புதரும் பூவுமாகத் தளதளவென்று நிற்கும். சிவப்புப் பூக்களில் தேன்குருவிகள் தலைகீழாகத் தொங்கும். புத்தகம் எடுக்க வந்தவர்களையெல்லாம் மெர்வ் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவார்.

"எல்லாம் ஊதாக் குழாயோட மகிமை" என்பார். "தினமும் விடியறதுக்கு முன்னாடி தானாவே தண்ணி பாயும். நமக்கு வேலையே இல்ல."

அவருக்குச் செடிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. குழாய்களைப் பற்றி எல்லாம் தெரியும். அந்தக் குழாய்தான் இப்போது எறும்பு துப்பிக்கொண்டிருந்தது.

தண்ணீர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். பதிவு செய்த குரல் ஒன்று, "இன்று உங்கள் வட்டாரத்தில் சில இடங்களில் பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது. பிறகு புல்லாங்குழல் வாசித்தது.

"அவங்கதான் அடைச்சிருக்காங்க" என்றாள் ஜோஸ்லின்.

"இன்னைக்குத்தானா அடைக்கணும்? வருஷத்துல முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் இருக்கே!"

தோட்டத்தின் நடுவே க்ளைவ் புதர்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். நகரசபைத் தோட்டக்காரன், ஐம்பது வயசுக்காரன், ஒரு நாளைக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவன். கத்தரிக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்காக ஆரஞ்சு நிறத்தில் பெரிய காதுக் கவசம் போட்டிருப்பான். இயந்திரம் ஓடாதபோதும் அதைக் கழற்றமாட்டான், நிம்மதிக்காக.

"க்ளைவ்! தண்ணி வரலடா!" என்று கத்தினார் மெர்வ்.

க்ளைவ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

"இவன்கிட்ட சொல்றதும் ஒண்ணு, அந்தப் புல்லாங்குழல்கிட்ட சொல்றதும் ஒண்ணு" என்று மெர்வ் அடுத்த போனைப் போட்டார்.

கோல்ப் மைதானத்து நெவ், மெர்வோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். மைதானம் முழுவதும் ஊதாத் தண்ணீர்தான், ஒரு குளத்தில் தேக்கி வைத்திருப்பார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் நெவ் தன் வண்டியின் பின்னால் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியும் ஒரு பம்புமாக வந்து இறங்கினார்.

"இது ஊதாதானே?" என்று மெர்வ் மூன்று தடவை கேட்டார்.

"சுத்த ஊதாப்பா. காலையிலதான் குளத்துல மொண்டேன். சட்டத்துக்கும் சரி, சாமிக்கும் சரி."

தொட்டியிலிருந்து தோட்டத்துக் குழாய்க்கு இணைப்புக் கொடுத்து பம்பை ஓட விட்டார்கள். மண்ணுக்குள்ளிருந்து தெளிப்பான்கள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. தண்ணீர் அரைவட்டமாக விசிறிற்று. மெர்வுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நெவ், நீ மனுஷனே இல்லடா. தெய்வம்."

தெய்வம் மூக்கை உறிஞ்சியது. பிறகு மெர்வும் உறிஞ்சினார். ஜோஸ்லின் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"நெவ், இந்தத் தொட்டியில முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் மெர்வ்.

"மீன் உரம். ஆனா கழுவிட்டேன்."

"எப்ப கழுவின?"

நெவ் யோசித்தார். "கழுவணும்னு நெனச்சேன். அது நல்லா ஞாபகம் இருக்கு."

முதலில் ஒரு கடற்புறா வந்து தெளிப்பானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அப்புறம் நாற்பது வந்தன. மீன்பிடித் துறையில் காலை முழுக்கச் சும்மா நின்றிருந்த கூழைக்கடாக்களுக்கும் சேதி போயிற்று. அவை அவசரப்படவில்லை. கடைத்தெரு நடுவே வரிசையாக நடந்து, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் கடந்து, நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. தானாகத் திறக்கும் கதவு அவற்றுக்கும் தானாகத் திறந்தது.

"மெர்வ், ஒரு கூழைக்கடா துப்பறியும் நாவல் பக்கமா நிக்குது!"

"உறுப்பினர் அட்டை இருக்கான்னு கேளு!" என்றார் மெர்வ். அதற்குமேல் அவரால் யோசிக்க முடியவில்லை.

மணி ஒன்பது நாற்பது. குழாய்களை அலசினால்தான் வாடை போகும். மெர்வின் கை தன்னையறியாமல் சுவரோரத்துக் குடிநீர்க் குழாய்ப் பக்கம் போயிற்று. ஜோஸ்லின் அந்தக் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"பைத்தியமா உனக்கு? குடிதண்ணி ஒரு சொட்டு தோட்டத்துல விழுந்தாலும் ஆறாவது நட்சத்திரம் போச்சு. உன் வேலையும் போச்சு."

"வேற தண்ணிக்கு எங்க போவேன்?"

"உபயோகிச்ச தண்ணி வேணும். அவ்வளவுதானே? இந்த ஊர்ல அதுக்கா பஞ்சம்?"

அவள் உள்ளே ஓடினாள். உள்ளே பின்னல் வட்டத்துப் பெண்கள் கூழைக்கடாவைச் சட்டை செய்யாமல் பின்னிக்கொண்டிருந்தார்கள். தலைவி பெரில் அம்மாள், வயது எண்பத்தொன்று. பெரிய வறட்சியின்போது ஊரில் எல்லாரும் குளிக்கும் இடத்தில் ஒரு வாளி வைத்தார்கள், சூடாகும்வரை ஓடும் தண்ணீரும் மேலிலிருந்து வழியும் தண்ணீரும் வீணாகக் கூடாதென்று. வறட்சி முடிந்து வருஷக்கணக்காகிவிட்டது. வாளியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் பெண் பார்க்கப் போனால் அவள் குளியலறையில் வாளி இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. இதை எழுதுகிறவனும் அப்படித்தான் பார்த்தான்.

"வாளியோட வரணும், அவ்வளவுதானே?" என்று பெரில் அம்மாள் பின்னல் ஊசியைக் கீழே வைத்தார். "என் போனைக் குடு கண்ணு."

இருபது நிமிஷத்தில் கடைத்தெரு நிறைந்துவிட்டது. வாளி, குடம், குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டி. ஒருவர் தள்ளுவண்டியில், ஒருவர் குழந்தை வண்டியில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. வந்தவர்கள் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போகவில்லை. அவரவர் தண்ணீரின் பெருமையைச் சொல்லிவிட்டுத்தான் கொட்டினார்கள்.

"இது நான் குளிச்ச தண்ணி. லாவண்டர் சோப்பு. மோந்து பாரு."

"என்னது துணி அலசின தண்ணி. மூணாவது அலசல். கிட்டத்தட்ட மழைத்தண்ணி."

"மூணாவது அலசலா? அப்புறம் ஏன் உள்ள ஒரு காலுறை மெதக்குது?"

"அது வடிகட்டறதுக்குப் போட்டது!"

மெர்வுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவருடைய வேலைக்காக ஊர் தன் குளியலறையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று ஒவ்வொரு வாளிக்கும் சொல்லிக்கொண்டே வாங்கி ஊற்றினார். தொட்டி நிறைந்தது. பத்து மணி இருபது. நெவ் பம்பை முழு வேகத்தில் வைத்தார்.

குளித்த சோப்பு, துவைத்த சோப்பு, தலைக்குப் போட்ட ஷாம்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு பம்பு கடைந்தால் என்ன ஆகும் என்று முப்பது வருஷம் இயந்திரம் பார்த்த மெர்வுக்குத் தோன்றவேயில்லை. தெளிப்பான்கள் முதலில் இருமின. பிறகு நுரை கக்கின. கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு. புதர்கள் மறைந்தன, பெயர்ப்பலகை மறைந்தது. 'மறுசுழற்சி நீர், குடிக்காதீர்' என்ற எச்சரிக்கையில் 'குடிக்காதீர்' மட்டும் மேலே தெரிந்தது. கடற்புறா எது, நுரை எது என்று தெரியவில்லை.

கதை நேரத்துக்கு வந்திருந்த குழந்தைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் ஒருவரும் உள்ளே இல்லை. நுரைக்குள் குதித்தார்கள், உருண்டார்கள், ஒருத்தர் தலையில் ஒருத்தர் கிரீடம் வைத்தார்கள். பின்னாலேயே அம்மாக்கள் "வேண்டாம், வேண்டாம்" என்றபடி இறங்கி, இரண்டு நிமிஷத்தில் அவர்களும் கிரீடம் வைத்துக்கொண்டார்கள். நாற்பது டிகிரி வெயிலில் யார்தான் வேண்டாமென்பார்கள்? நெவ்வே ஒரு தரம் விழுந்து எழுந்தார். வழுக்கி விழுந்ததாகச் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை.

நுரைக்கு மேலே க்ளைவின் தலையும் ஆரஞ்சுக் கவசமும் மட்டும் தெரிந்தன. கத்தரிக்கும் சத்தம் நிற்கவேயில்லை.

"க்ளைவ், ஒண்ணும் ஆகலியே?"

நுரைக்குள்ளிருந்து ஒரு கட்டைவிரல் உயர்ந்தது.

"இந்த நுரையைப் பார்த்தா ஆய்வுக்கு வர்ற அந்தம்மா வாசல்லயே திரும்பிடுவாங்க" என்றாள் ஜோஸ்லின். "ஏதாவது செய் மெர்வ். அரை மணி நேரந்தான் இருக்கு."

"வினிகர்" என்றார் பெரில் அம்மாள். "என் துணி மிஷின்ல நுரை பொங்கினா ஒரு கப் வினிகர்தான் ஊத்துவேன். அப்படியே அடங்கிடும்."

"இதுக்கு ஒரு கப் போதுமா பெரிலம்மா?"

"உன் மிஷின் பெருசுதானே? பெரிய கப்பா ஊத்து."

எதிர்த்த கடையில் மீனும் சிப்ஸும் பொரிக்கிறவரிடம் இருபது லிட்டர் வினிகர் இருந்தது. மொத்தத்தையும் தொட்டியில் கவிழ்த்தார்கள். பெரில் அம்மாள் சொன்னது பொய்யில்லை. பத்தே நிமிஷத்தில் நுரை தணிந்தது, புதர்கள் வெளியே வந்தன, தெளிப்பான்கள் மறுபடியும் அழகாக அரைவட்டம் போட்டன. கைதட்டல் எழுந்தது. குழந்தைகள் மட்டும் அழுதார்கள்.

பிறகு மெதுவாக எல்லாரும் உதட்டை நக்கினார்கள்.

மீன் வாடை இருந்தது. அதன் மேல் வினிகர் விழுந்திருந்தது. இரண்டும் கொதிக்கும் தரையில் பட்டு ஆவியாக எழுந்தன. மணி பத்தே முக்கால், பாதிப் பேர் காலை உணவு சாப்பிடாமல் வாளி தூக்கி வந்தவர்கள். கடைத்தெரு முழுவதற்கும் ஒரே நேரத்தில் பசி எடுத்தது. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு லாரி ஓரங்கட்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி நேராக மெர்விடம் வந்தார்.

"ரெண்டு மீனு, ஒரு பெரிய சிப்ஸ்."

"ஐயா, இது நூலகம்."

ஓட்டுநர் கட்டிடத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெர்வைப் பார்த்தார்.

"அப்ப சிப்ஸ் மட்டும்."

சரியாகப் பதினொரு மணிக்கு ஆய்வாளர் டமாரா நோஸ்கே வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, கனத்த பூட்ஸ், கையில் படிவம் செருகிய அட்டை. தெருவில் சிப்ஸுக்கு நின்ற வரிசையையும், வரிசையில் நடுவே நின்ற கூழைக்கடாவையும், தலையில் நுரைக் கிரீடத்தோடு நின்ற நூலகரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நான் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கேனா?"

"வாங்க வாங்க!" என்றார் மெர்வ். அவர் காதிலிருந்து ஒரு குமிழி பறந்தது.

"கடல் வாரம் கொண்டாடறோம்" என்று ஜோஸ்லின் முந்திக்கொண்டாள். "நுரை, மீன், பறவை. எல்லாம் குழந்தைங்களுக்காக."

"வினிகர்?"

"அது... பெரியவங்களுக்காக."

டமாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. படிவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாருங்க, இன்னைக்கு இங்க நடக்கிற கூத்துக்கு என் படிவத்துல கட்டமே இல்ல. இன்னைக்குக் குழாய் ஓடுதா இல்லையாங்கறதும் எனக்கு முக்கியமில்ல. பதினாலு மாசமா இந்தத் தோட்டம் எந்தத் தண்ணியைக் குடிச்சுதுன்னுதான் பார்க்கணும். ஊதாக் குழாயோட மீட்டர் எங்க இருக்கு?"

மெர்வுக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு வந்தது. இவ்வளவுதானா? மூன்று மணி நேரமாக ஊரையே நாற அடித்தது வீண்தானா? மீட்டர் சொல்லிவிடுமே! பதினாலு மாதமும் சொல்லிவிடுமே!

"தெருவோரக் குழியில இருக்கும்மா. வாங்க, காட்டறேன்."

இரும்பு மூடியைத் தூக்கினார்கள். உள்ளே விஷமுள்ள சிவப்பு முதுகுச் சிலந்திகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. இந்த மூடியைத் தூக்காமல் விட்டதற்கு மெர்வ் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் அது போதுமான காரணம். பெரில் அம்மாள் துடைப்பத்தால் ஒரு தள்ளுத் தள்ளினார். டமாரா குனிந்து மீட்டரின் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு" என்றார்.

"ரெண்டாயிரமா?"

"ரெண்டு யூனிட். ரெண்டே ரெண்டு. இவ்வளவு பெரிய தோட்டத்துக்கு ஒரு வாரத்துக்குக் காணாது."

"மீட்டர் கெட்டிருக்கும்" என்றார் நெவ்.

"போன மாசம்தான் தண்ணி அலுவலகம் இதைச் சோதிச்சிருக்கு. சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க."

லாரி ஓட்டுநர்கூட வரிசையை விட்டு வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

டமாரா எழுந்து தோட்டத்தைப் பார்த்தார். தளதளவென்ற புதர்கள், பூக்கள், தேன்குருவிகள். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"மெர்வ், எனக்கு மூணு கட்டந்தான். தோட்டம் குடிதண்ணியில வளர்ந்துச்சுன்னா பூஜ்யம். ஊதாவுல வளர்ந்துச்சுன்னா ரெண்டு புள்ளி. தண்ணியே பாய்ச்சாம வளர்ந்துச்சுன்னா மூணு புள்ளி, அந்தக் கட்டத்துல பதினோரு வருஷமா என் பேனா பட்டதே இல்ல. உங்க தோட்டம் ஊதாவைக் குடிக்கல. மீட்டர் சொல்லுது. இவ்வளவு பசுமைக்கு அப்புறம் என்ன மிச்சம் இருக்கு, நீங்களே சொல்லுங்க."

மெர்வுக்கு வேலை போகும் என்பதுகூட அந்த நேரத்தில் பின்னால் போய்விட்டது. குடிநீரைத் திருடித் தோட்டத்துக்கு விட்டவன் என்று ஒருவனை எங்கள் ஊரில் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவன் எந்த வீட்டு வாசலிலும் நிமிர்ந்து நிற்க முடியாது. கையில் காலி வாளிகளோடு சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

"சத்தியமா இல்லம்மா. ஒரு சொட்டு விட்டதில்ல."

"மெர்வ் அப்படிப்பட்ட ஆளில்ல" என்று பெரில் அம்மாள் துடைப்பத்தைத் தரையில் குத்தினார். "குளிக்கிறதே மூணு நிமிஷந்தான். அவன் பொண்டாட்டி என்கிட்ட சொல்லி அழுதிருக்கா."

"நல்ல மனுஷர்தான்னு தெரியுது. ஆனா நான் மீட்டரைத்தான் எழுத முடியும்." டமாராவின் பேனா முதல் கட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. "தோட்டத்தை வேற யாராவது பார்த்துக்கறாங்களா? அவங்க ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடலாம்."

கடர்ர்ர் என்று தோட்டத்தில் கத்தரி ஓடிக்கொண்டிருந்தது.

மெர்வ் ஓடினார். ஈரத்தில் இரண்டு தரம் வழுக்கி, ஒரு கடற்புறாவை மிதிக்காமல் தாண்டி, க்ளைவின் தலையிலிருந்து காதுக் கவசத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினார்.

"க்ளைவ்! நீயாவது வாயைத் திறந்து சொல்லுடா! என் மானமே போகுது! பதினாலு மாசமா இந்தத் தோட்டத்துக்கு எந்தத் தண்ணி போச்சு? நீதானே தினமும் நின்ன? அந்தம்மாகிட்ட சொல்லு!"

க்ளைவ் இயந்திரத்தை அணைத்தான். நிமிர்ந்து பார்த்தான். திறந்து கிடந்த மீட்டர்க் குழியைப் பார்த்தான், படிவத்தோடு நிற்கும் அதிகாரியைப் பார்த்தான், அவருக்குப் பின்னால் வாளியும் துடைப்பமுமாகத் திரண்டு நிற்கும் மொத்த ஊரையும் பார்த்தான். இவ்வளவு பேரும் தன்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு, பதினாலு மாதத்தில் முதல் தடவையாக, மூன்று வார்த்தைக்கு மேல் பேசினான்.

"தப்புத்தான் மெர்வ், மன்னிச்சிடு... இதெல்லாம் இந்தக் காய்ஞ்ச மண்ணுலயே பொறந்த செடிங்க, தண்ணி விட்டா அழுகிச் செத்துடும்னு, நட்டு வேர் புடிச்ச உடனே அந்த ஊதாக் குழாயைக் குழிக்குள்ள நான்தான் அடைச்சு வெச்சேன். அதுக்கப்புறம் மழையைத் தவிர இதுங்க வாயில ஒரு சொட்டுத் தண்ணி பட்டது இன்னைக்குத்தான்!"